ஆரபியோடு சனிக்கிழமைகள்

நவம்பர் 16, சனி

வதனிக்கு இனி சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் பகல் வேலை. ஆகவே ஆரபியை ஐஸ் அரீனாவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. "உங்களுக்குக் கரைச்சல் இல்லையே?" என்று கேட்டாள். ஸ்காபரோவில் பதினாறு குளிர்காலம் பஸ் ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஐஸும் நானும் பழைய ஆட்கள் என்றேன்.

அரீனா நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பொருட்கிடங்கு மாதிரி. உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ் தரை, சுற்றிவர நெஞ்சளவு தடுப்புச் சுவர், ஒரு பக்கம் படிப்படியாக இருக்கைகள். சனி பின்னேரம் ஊருக்கே இலவசம். எல்லாரும் ஒரே திசையில்தான் சுற்றவேண்டும். எதிர்த்திசையில் வந்தால் சிவப்பு ஜாக்கெட் போட்ட காவற்பிள்ளைகள் விசில் அடிப்பார்கள். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. எங்கள் வீதிகளில் கூட இவ்வளவு இல்லை.

ஆரபிக்குப் பதினொரு வயது. வதனியின் மகள். தகப்பன் ரமணன் இறந்து மூன்றாவது வருடம் நடக்கிறது. எனக்கும் வதனிக்கும் கல்யாணம் எழுதி இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. நாற்பத்துநாலு வயதில், முதற்கல்யாணத்தில், ஒரே நாளில் மனைவியும் மகளும் கிடைப்பது எல்லாருக்கும் வாய்க்காது.

பிள்ளை என்னை இதுவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்கிள், மாமா, சித்தப்பா, எதுவும் இல்லை. ஏதாவது தேவையென்றால் முன்னால் வந்து நிற்பாள். நான் நிமிரும்வரை நிற்பாள். இதில் எனக்குக் கவலை இல்லை. பஸ்ஸில் ஏறுகிற ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் போய்ச் சேருகிறார்கள்.

நானும் அவளை 'நீ' என்பதில்லை. வாய் வரவில்லை. 'நீங்கள்' பதினொரு வயதுக்கு அதிகம். நடுவில் 'நீர்' இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கிறேன்.

நன்றாகச் சறுக்குகிறாள். ஒரு குறை: இடக்கையை மட்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி நீட்டியபடி போகிறாள். சமநிலைக்கு அது கெடுதல் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 23, சனி

இருக்கையில் கோப்பியோடு இருந்தேன். பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண், தன் மகனுக்குக் காத்திருந்தவர், ஆரபியைக் காட்டி "உங்கட மகளோ?" என்றார். "ஓம்" என்றேன். அப்போது ஆரபி தண்ணீர்ப் போத்தலுக்காகச் சுவரோரம் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள். "நான் உங்கட மகள் இல்லை."

"சரி. அடுத்தமுறை ஆரும் கேட்டால் என்ன சொல்ல?"

யோசித்தாள். "ஒண்டும் சொல்லாதீங்கோ."

தெளிவான பதில். தெளிவான பிள்ளை. எனக்கு இப்படி நேரே கதைக்கிற ஆட்களைத்தான் பிடிக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் முட்டைப்பொரியலும் நானே செய்தேன். நன்றாக வந்தது. பசி இருக்கவில்லை.

டிசம்பர் 7, சனி

இருக்கையில் இருப்பதால்தான் இந்தக் கேள்வியெல்லாம் வருகிறது. ஐஸில் நிற்பவனிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. ஆகவே ஸ்கேட் சப்பாத்து வாடகைக்கு எடுத்தேன். ஹெல்மெட்டும் தந்தார்கள்.

ஐஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ரயர் வழியாகத் தெரிந்ததுதான் என்பது இன்று புரிந்தது. விழுந்தேன். எழும்பினேன். எழும்பும் வேகத்திலேயே விழுந்தேன். பழகுகிறவர்கள் பிடித்துக்கொண்டு போவதற்குப் பிளாஸ்டிக்கில் ஒரு நீர்நாய் வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்தேன். பின்னாலேயே ஐந்து வயதுக்காரி ஒருத்தி வந்து, அது சின்னப்பிள்ளைகளுக்கானது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். நியாயம்தான்.

மிச்ச நேரமெல்லாம் தடுப்புச் சுவர்தான் துணை. ஆரபி என்னைத் தாண்டித் தாண்டிப் போனாள். முகத்தைத் திருப்பவில்லை. கடைசிச் சுற்றில், வேகத்தைக் குறைக்காமலே, முன்னால் பார்த்தபடி சொன்னாள்:

"முழங்காலை மடியுங்கோ."

மடித்தேன். உண்மையிலேயே விழவில்லை.

இடுப்பு கொஞ்சம் பிடித்திருக்கிறது. வேறு ஒன்றுமில்லை. இதில் நான் தேறிவிடுவேன்.

டிசம்பர் 9, திங்கள்

பஸ்ஸின் இருக்கையில் தலையணை வைத்து ஓட்டினேன். ஒருவருக்கும் தெரியாது.

டிசம்பர் 28, சனி

சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போகிறேன். கை வைக்கவில்லை, வேண்டுமென்றால் வைக்கலாம் என்ற தூரம். இன்று ஆரபி இரண்டு தடவை கதைத்தாள். ஒன்று: "கீழ பாக்காதீங்கோ." மற்றது: "உங்கட நாடா அவிண்டிருக்கு." சப்பாத்து நாடாவைச் சொன்னாள்.

வதனியிடம் சொன்னேன். அவள் சமைத்துக்கொண்டிருந்தவள் திரும்பி, "அவ்வளவும் சொன்னவளோ?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றாள். சட்டியில் கீரை இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் வதனி தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுத் தானும் எதிரில் இருந்தாள். அவள் லீவுநாளிலும் இருந்து தேத்தண்ணி குடிப்பவள் இல்லை. விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது.

"ஆரபி புனிதா மச்சாளிட்ட ஃபோனில கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் முடிய ஒட்டாவாவுக்குப் போய் அங்கேயே நிண்டு படிக்கப் போறாளாம். மச்சாள் ஓமெண்டிட்டா. மார்ச் லீவுக்கு வந்து கதைக்கிறன் எண்டவ."

புனிதா, ரமணனின் அக்கா.

"நீர் என்ன சொன்னீர்?"

"அவளைத் தனிய விடமாட்டன் எண்டன்." கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். "அவள் போறதெண்டால் நானும் போவன். இதை உங்களிட்ட மறைச்சுக்கொண்டு இந்த வீட்டில இருக்க எனக்கு ஏலாது."

ஒரு தாய் வேறு எப்படிச் சொல்வாள்? அதையே அவளிடமும் சொன்னேன். மார்ச் மாதம் வரட்டும், பார்ப்போம், எல்லாம் சரிவரும் என்றேன். சரிவரும்.

பிறகு வாசலில் பனி தள்ளினேன். பக்கத்து வீட்டு வாசலையும் தள்ளினேன். அதற்கடுத்த வீட்டையும் தள்ளி முடித்த பிறகுதான், அவர்கள் ஃப்ளோரிடா போய்ப் பங்குனியில்தான் வருவார்கள் என்பது ஞாபகம் வந்தது.

ஜனவரி 13, திங்கள்

ஒட்டாவாவில் பஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்களா என்று சும்மா பார்த்தேன். எடுக்கிறார்கள்.

ஜனவரி 18, சனி

இன்று நடு ஐஸ் வரை போய் வந்தேன். சுவர் இல்லை, நீர்நாய் இல்லை. வேகம் என்று சொல்லமுடியாது, ஆனால் போனேன். ஆரபியின் பக்கத்திலேயே கொஞ்சத் தூரம் போனேன், அவளுக்கு இடப்பக்கமாக. உடனே அவள் விரல்களை மடக்கிக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு வேகமெடுத்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் என் பக்கமே வரவில்லை.

வீட்டில் வதனியிடம் சொன்னேன்: "பிள்ளைக்கு அந்த இடக்கையை நீட்டுற பழக்கம் ஒண்டு இருக்கு. பயிற்சி குடுக்கிற ஆரிட்டயும் காட்டித் திருத்தவேணும்."

வதனி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஓடும் சத்தம் கனநேரம் கேட்டது. திரும்பி வந்து, மிச்சக் காயை எடுத்துக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னாள்:

"ரமணன் அந்தக் கையைத்தான் பிடிச்சுக்கொண்டு போறவர்."

நானும் நாலு காய் முறித்தேன்.

இனி நான் வலப்பக்கம் போவேன். அந்தப் பக்கமும் ஐஸ்தான்.

ஜனவரி 25, சனி

வலப்பக்கம் போனேன். அவள் விலகிப் போகவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

இடக்கையால் எழுதுகிறேன். வலக்கையில் மாவுக்கட்டு. விவரம் பிறகு.

பெப்ரவரி 4, செவ்வாய்

வேலைக்கு விடுப்பு. வீட்டில் ஒருவரும் இல்லை. இடக்கை எழுத்து வாத்தியாரிடம் அடிவாங்குகிற மாதிரித்தான் வருகிறது, ஆனாலும் நடந்ததை எழுதிவைக்கவேண்டும்.

சனிக்கிழமை நான் நன்றாகவே போய்க்கொண்டிருந்தேன். ஆரபியே ஒருதரம் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லை" என்றாள். அந்தச் சொல்லோடு வளைவில் திரும்பினேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் தடுக்கி விழுந்தான். எனக்குப் போகத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. பிள்ளைக்கு மேலே போகக்கூடாது என்பதால் நானே பக்கவாட்டில் விழுந்தேன். பையனுக்கு ஒன்றுமில்லை. கையை ஊன்றியது என் பிழை.

மல்லாந்து கிடந்தேன். கூரையில் வெளிச்சம். சிவப்பு ஜாக்கெட் போட்ட பெண் ஒருத்தி குனிந்து ஏதோ கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஆரபியின் முகம், வெளிறிப்போய்.

"இது உன் அப்பாவா?" என்று அந்தப் பெண் அவளைக் கேட்டாள்.

"இல்லை" என்றாள் ஆரபி. "அம்மாவின் கணவர்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை நொந்தது.

"உன்னோடு பெரியவர்கள் வேறு யாரும் வந்திருக்கிறார்களா?"

"இல்லை. இவருக்கு நான்தான் பொறுப்பு."

எல்லாம் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். எனக்குத் தமிழில்தான் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் சொன்னபடிதான். தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் தலைக்குக் கீழே வைத்தாள். "அசையாதீங்கோ" என்றாள். அம்புலன்ஸ்காரர் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்: என் பெயர் குணபாலன், எனக்குச் சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இருக்கிறது, வெள்ளைக் குளிசை ஒன்று காலையில் போடுகிறவர். இதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் குளிசை போடும் நேரத்தில் அவள் சீரியல் கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பாள்.

வதனி வேலையில் ஃபோனை வைத்துக்கொள்ளக்கூடாது. ஆரபி முதியோர் இல்லத்து அலுவலகத்துக்கே எடுத்துச் சொன்னாள். வதனிக்குப் பதில் ஆள் வரும்வரை வெளிக்கிட முடியவில்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு பேரும்தான். தாதி ஒருவர், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது, அங்கே போய் இரு என்றார். ஆரபி என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் இஞ்சதான் நிப்பன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். தாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கதிரை ஒன்று கொண்டுவந்து போட்டார்.

"நோகுதோ?"

"இல்லை."

"பொய்."

"கொஞ்சம்."

கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு முழங்காலைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா விழுந்தண்டைக்கு நான் ஸ்கூலில. அம்மா, அத்தை எல்லாரும் ஆஸ்பத்திரியில நிண்டவை. என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை. பக்கத்து வீட்டு ஆன்ரி வந்து கூட்டிக்கொண்டு போய் நூடுல்ஸ் தந்தவ. ரெண்டுதரம் போட்டுத் தந்தவ. நான் ரீவி பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தன். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எனக்குச் சொன்னவை."

நல்ல கையால் போர்வையின் ஒரு பக்கத்தை இழுத்து அவள் முழங்காலில் போட்டேன்.

"நீங்கள் விழேக்கை நான் நிண்டனான்" என்றாள். "முழுக்கப் பாத்தனான்."

"ஓம். நீர் நிண்டதாலதான் எனக்குப் பயமில்லாமல் இருந்தது."

மூக்கை ஸ்வெட்டர் கையில் துடைத்தாள். "என்னை 'நீர்' எண்டு சொல்லாதீங்கோ. தமிழ் ஸ்கூல் டீச்சர் மாதிரிக் கிடக்கு."

"அப்ப என்னெண்டு சொல்ல?"

"அம்மாவையும் 'நீர்' எண்டுதான் சொல்லுறீங்கள். நான் சின்னாள்தானே. 'நீ' எண்டு சொல்லுங்கோ."

"சரி."

"சொல்லுங்கோ."

"நீ சாப்பிட்டியோ?"

"இல்லை" என்றாள். என் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து சில்லறையை எடுத்துக்கொண்டு போய், மெஷினிலிருந்து சிப்ஸ் பை ஒன்று கொண்டுவந்து, எனக்கு ஒவ்வொன்றாகத் தந்தாள். வதனி ஓடிவந்தபோது நாங்கள் இரண்டாவது பையில் இருந்தோம். வதனி வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகுதான் அழத் தொடங்கினாள். கை முறிந்ததற்கு அவ்வளவு அழவேண்டியதில்லை என்று நான் சொன்னேன்.

பெப்ரவரி 15, சனி

நான் இருக்கையில், கோப்பியோடு. ஆரபி ஐஸில். ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஆரபியிடமே கற்ற நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன்.

மார்ச் 12, புதன்

புனிதா அக்கா ஒட்டாவாவிலிருந்து வந்துவிட்டா. உயரமான மனுசி, ரமணனின் படத்தில் இருக்கும் அதே நெற்றி. ஆரபிக்கு ஒரு பெட்டி நிறைய உடுப்பு. எனக்கும் ஒரு கம்பளிச் சால்வை. ஆரபி அவவின் மடியிலேயே இருக்கிறாள், பதினொரு வயதுக்காரி, கால் நிலத்தில் இழுபட.

அப்படி இருக்கட்டும். அது ரத்தம்.

சாப்பாடு முடிந்து வதனியும் பிள்ளையும் மேலே போன பிறகு அக்கா சொன்னா: "தம்பி, நான் ஒண்டையும் பிரிக்கவெண்டு வரேல்லை. கேட்ட பிள்ளைக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. என்ர தம்பியின்ர முகமெல்லோ அவளுக்கு."

"நானும் இல்லையெண்டு சொல்லுறேல்லை அக்கா. அவளுக்கு எங்க நல்லமோ அங்க இருக்கட்டும்."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன. நான் எங்கயும் பஸ் ஓடுவன்."

அவ என்னை நல்லாய்ப் பார்த்தா. பிறகு என் கோப்பையைத் தானே எடுத்துக் கழுவினா.

மார்ச் 14, வெள்ளி

மாவுக்கட்டு வெட்டியாயிற்று. கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. திரும்ப விழக்கூடாது என்று டொக்டர் சொன்னார். சறுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

மார்ச் 15, சனி

எல்லாருமாக அரீனாவுக்குப் போனோம். வதனி லீவு எடுத்திருந்தாள். அவளும் புனிதா அக்காவும் இருக்கையில். நான் வாடகைக்கு ஸ்கேட் எடுத்ததைக் கண்டு வதனி, "உங்களுக்கென்ன விசரோ!" என்று கத்தியது மறுபக்கச் சுவர் வரைக்கும் கேட்டிருக்கும். டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நல்ல சப்பாத்து, நாடாவை இறுக்கிக் கட்டினேன், ஹெல்மெட் போட்டேன், வாசலைத் திறந்து ஒரு காலை ஐஸில் வைத்தேன்.

மற்றக் கால் வரவில்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். பயந்தேன். கைக்காக மட்டுமல்ல. எல்லாரும் எனக்குப் பின்னால் இருக்கையில் இருந்தார்கள். இன்றோ நாளையோ ஒரு முடிவு வரும், அது என் கையில் இல்லை. கைப்பிடியை விடாமல் நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆரபி ஒரு சுற்று முடித்து வந்து நின்றாள். "ஏன் நிக்கிறீங்கள்?"

"பாக்கிறன்."

"என்னத்தை?"

"ஐஸை."

அவளும் ஒருமுறை ஐஸைப் பார்த்தாள். பிறகு என் கையைக் கைப்பிடியிலிருந்து விரல் விரலாகக் கழற்றினாள். எனக்குப் பின்னால் போய், இரண்டு உள்ளங்கையையும் என் முதுகில் வைத்தாள். "நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். முழங்காலை மட்டும் மடியுங்கோ. நான் தள்ளுறன்."

தள்ளினாள். போனோம். முதல் வளைவு தாண்டியது. வதனியும் அக்காவும் இருந்த பக்கம் கடந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, நேரே பார்த்தேன். அவள் மூச்சு என் ஜாக்கெட்டுக்குப் பின்னால் கேட்டது. தள்ளுவதற்கு நான் பாரம்தான், ஆனால் அவள் நிறுத்தவில்லை.

நீண்ட நேர்ப்பக்கத்தில் வரும்போது சொன்னாள்:

"நான் ஒட்டாவாவுக்குப் போகேல்லை."

ஸ்கேட் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டேனா என்று இருந்தது. "என்ன?"

"போகேல்லை. விடிய அத்தைக்குச் சொல்லிட்டன். கொஞ்சம் அழுதவ. பிறகு சரியெண்டவ. லீவுக்குப் போவன்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இப்ப அத்தை சொல்லிக்கொண்டு இருப்பா."

அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. வாழ்க்கையில் ஒரு முகத்தைப் பார்க்க இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஆனால் ஓடிக்கொண்டே திரும்ப எனக்குத் தெரியாது. முன்னால் மட்டும்தான் பார்க்கலாம்.

"ஏன் ஆரபி?"

"சும்மா" என்றாள். பிறகு, "இஞ்ச இருக்கப்போறன்."

எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. அதற்குள் வளைவு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் வளையவில்லை.

"ஆரபி, சுவர் வருது."

"தெரியும்."

"நிப்பாட்டு!"

"ஏலாது, நீங்கள் சரியான பாரம்!" என்று கத்திச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்தரம். கையை மார்போடு இழுத்து, தோளைக் கொடுத்து, தடுப்புச் சுவரில் போய் மோதினேன். அவள் என் முதுகில் வந்து மோதினாள். சிவப்பு ஜாக்கெட் விசில் அடித்தது. தூரத்தில் வதனி இருக்கையிலிருந்து எழும்பி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அக்கா அவளுடைய தோளைப் பிடித்திருந்தா. அந்தத் தூரத்திலிருந்து வதனி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். முறியவில்லை.

"இன்னொருக்காப் போவமோ?" என்று கேட்டேன்.

கேட்டு முடிக்குமுன்னமே அவள் என் தோளைப் பிடித்துத் திசை திருப்பத் தொடங்கிவிட்டாள்.